ஆக்ராவில் ஒரு கோடாலித் தைலப் புட்டி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஆவுடையப்பன் நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த வாய் இருக்கிறதே என்பார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு ஆக்ரா ரயில் நிலையத்து வாசலில் ஒரு வார்த்தை வரவில்லை. ஓர் ஆட்டோக்காரன் என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பின்னால் நின்ற என் மனைவி சொர்ணவல்லியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் பெட்டியைக் கையில் பிடித்தபடி பேயறைந்தவன் போல நின்றேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இது அவளுடைய கதை. நான் இதில் கடைசியாக வந்து சேர்ந்த ஆள்.

எங்கள் ஊர் குடுமியான்மலைக்குப் பக்கம். மழை பெய்தால் கடலை போடுவோம், பெய்யாவிட்டால் பாஸ்போர்ட் போடுவோம் என்று எங்கள் பக்கம் கேலி பேசுவார்கள். நான் பாஸ்போர்ட் போட்டவன். மகள் செல்வராணி தவழ ஆரம்பித்த நேரத்தில் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதமும் காதுகுத்து, கல்யாணம், வீட்டு வேலை, கோயில் காரியம் என்று ஓடிவிடும். திருச்சி மலைக்கோட்டைக்குக்கூட அவளை நான் கூட்டிக்கொண்டு போனதில்லை.

ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டுச் சுவரில் தாஜ்மகால் படம் போட்ட காலண்டர் தொங்கியது. கல்யாணமான புதிதில் அதைக் காட்டி, "இங்கெல்லாம் நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். "ஒன்னையக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். நான் இல்லாம நீ பாக்கக் கூடாது, நீ இல்லாம நான் பாக்க மாட்டேன்" என்றேன். வயசு அப்படி, வாய் அப்படி. அவளும் சிரித்துக்கொண்டே சரிங்க என்றாள்.

சிங்கப்பூரில் என் அறையில் ஆக்ராக்காரன் ஒருவன் தங்கியிருந்தான். தாஜ்மகாலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். உள்ளே போக ஒரு பெரிய சிவப்புக்கல் வாசல் இருக்கிறதாம். அதற்குள் இருட்டாக இருக்குமாம். அங்கே நின்று கண்ணை மூடிக்கொண்டு, நடுவுக்கு வந்து திறந்தால், முழுசும் ஒரே பார்வையில் வந்து முகத்தில் விழுமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. இரும்புத் தகட்டுக்குள் படுத்துக்கொண்டு நெருப்புப் பொறி பறக்க வேலை செய்யும்போதெல்லாம், சொர்ணத்தின் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போய், "இப்பத் தொற" என்று சொல்வதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். போனிலும் சொல்வேன். "கண்ண மூடிக்கிட்டுத்தான் வரணும். நான் சொல்றப்பதான் தொறக்கணும்" என்பேன். "சரிங்க, சரிங்க" என்பாள்.

போன வருஷம் அங்கே போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ஊரோடு வந்து சேர்ந்தேன். செல்வராணிக்குக் கல்யாணமாகித் திருச்சியில் இருந்தாள். கையில் வேலையில்லை, உடம்பில் கொஞ்சம் தெம்பு இருந்தது. தை மாதம் ஆக்ராவுக்கு ரயில் டிக்கெட் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்கும்படி நாள் பார்த்துப் போட்டேன். அவளிடம் சொன்னபோது முகம் மாறியது.

"வெள்ளிக்கிழம வேண்டாங்க. சனிக்கிழம எறங்குற மாதிரி மாத்துங்க."

"ஏன்?"

"சும்மாதான். வெள்ளிக்கிழம வீட்டுல வெளக்கு ஏத்தணும்ல."

"செல்வராணி வந்து ஏத்துவா. நல்ல காரியம் எதையும் வெள்ளிக்கிழமதான் தொடங்கணும். ஆக்ராவப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிளம்பும் அன்று கடைத்தெருவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். "அண்ணியோட போறீங்களா? நல்லது, நல்லது. கவலையே இல்ல" என்றார் மளிகைக் கடைக்காரர். பொறாமை போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் பெட்டி கட்டி முடித்திருந்தாள். எப்படிக் கட்டினாள் என்றே தெரியவில்லை, இடுக்கில் ஒரு ஊசி போகாது. கெட்டிக் கம்பளி இரண்டு, அவள் அளவுக்குத் தைத்த மாதிரி ஒரு ஸ்வெட்டர், கட்டிப் பெருங்காயம் ஒரு டப்பா.

"பெருங்காயம் எதுக்கு? அங்க போயி கல்யாணச் சாப்பாடா போடப் போற?"

"இருக்கட்டுமேங்க."

ரயிலில் நான் அவளுக்குத் தேசத்தைக் காட்டிக்கொண்டே போனேன். இது ஆந்திரா, இது மகாராஷ்டிரா என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். "அப்படியாங்க" என்று கேட்டுக்கொண்டாள். கிருஷ்ணா நதிப் பாலம் வருவதற்கு வெகு முன்பே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பாலம் வந்தது, காசைப் போட்டுக் கும்பிட்டாள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். "யாரு சொன்னா, ஆறு வருதுன்னு?" என்று கேட்டேன். "பக்கத்துல பேசிக்கிட்டாங்க" என்றாள். பக்கத்தில் இருந்தது ஒரு சர்தார் குடும்பம். அவர்கள் பேசிய மொழி இவளுக்கு எப்படிப் புரிந்தது என்று நான் கேட்கவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்றுக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆக்ராவில் பனி மூட்டம். வாசலுக்கு வந்ததும் ஆட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். பட்டறையில் பீகார்க்காரர்களோடு பழகி எனக்கு இந்தி வரும். அதைச் சொர்ணத்துக்கு முன்னால் பேசிக் காட்டும் ஆசை ரொம்ப நாளாக இருந்தது. ஒருவனிடம் பேரம் பேசத் தொடங்கினேன். அப்போதுதான் வெள்ளை மீசை வைத்த ஒரு ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "அம்மாஜி" என்று ஓடி வந்து காலைத் தொட்டான்.

"என்ன அம்மாஜி, இந்தத் தடவை கூட்டத்தையே காணோம்? அண்டாவெல்லாம் எங்கே? இவர் யார், யாத்திரைக்கு வந்தவரா?" என்று இந்தியில் கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாரையோ நினைத்துக் கேட்கிறான் என்று அவனை விலக்கக் கையை நீட்டினேன். அதற்குள் சொர்ணவல்லி பேசினாள். குடுமியான்மலையைத் தாண்டி எதுவும் தெரியாது என்று நான் சத்தியம் பண்ணியிருக்கக்கூடிய என் மனைவி, தண்ணீர் போல இந்தி பேசினாள். இழுவை மட்டும் எங்கள் ஊர் இழுவை. "இவர் என் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் இருந்தாரே, அவர்தான்" என்றாள்.

அந்த ஆள் என்னையும் கும்பிட்டான். பிறகு அவளிடம், "ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே. தாஜ் மூடியிருக்கும். உங்களுக்குத் தெரியாததா?" என்றான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஆட்டோவில் கைப்பிடிக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டி ஒரு சின்னப் புட்டி தொங்கியது. கோடாலித் தைலம். நான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் அதே அளவுப் புட்டி. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அந்த ஆள் பெருமையாகச் சொன்னான். கழுத்து வலிக்கு அம்மாஜி கொடுத்ததாம், வருஷா வருஷம் கொண்டுவந்து கொடுப்பார்களாம்.

ஒரு தடவை வீடியோ காலில் பார்த்தபோது சொர்ணம் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஏன் என்றதற்குக் காய்ச்சல் என்றாள். நான் பதறிப் போய், ஊருக்கு வந்த ஆளிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கோடாலித் தைலம் கொடுத்தனுப்பினேன். அந்தத் தைலம் ஆக்ராவில் ஆட்டோ ஓட்டுகிறவனின் கழுத்துக்குப் போயிருக்கிறது. சிரிக்கிற விஷயம்தான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ தெரியாத பெண்ணோடு உட்கார்ந்து போவது போல இருந்தது.

அவள் வழக்கமாகத் தங்கும் விடுதிக்கே அவன் கொண்டுபோய் விட்டான். அதன் வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரன் கேட்காமலே அவளுக்குச் சர்க்கரை இல்லாமல் டீ கொடுத்தான். அவள் சர்க்கரை போடாமல் குடிப்பாள் என்பதைக்கூட வீட்டில் நான் கவனித்ததில்லை.

"சொல்லு" என்றேன்.

சொன்னாள். செல்வராணி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதாம். அடுத்த தெருப் பரிமளா, புதுக்கோட்டைக் கண்ணுசாமியின் யாத்திரைக் குழுவில் சமையல்காரி. எங்கள் பக்கத்து ஆட்கள் காசிக்குப் போனாலும் கயாவுக்குப் போனாலும் சோறும் ரசமும் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அதனால் அண்டா, அடுப்பு, புளி, பெருங்காயம், சமையல் ஆள் எல்லாம் கூடவே ரயிலேறும். ஒரு தடவை பரிமளாவின் கையாளுக்கு உடம்புக்கு முடியாமல் போக, காய் நறுக்க இவளைக் கூப்பிட்டிருக்கிறாள். போனாளாம். சாம்பாரை இவள் இறக்கியதும் யாத்திரைக்காரர்கள் யார் வைத்தது என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு கண்ணுசாமி இவளை விடவில்லை. காசி, கயா, அரித்துவார், துவாரகை, பூரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் காலண்டரில் மட்டும் பார்த்த ஊர்களை அவள் பக்கத்து ஊர்ச் சந்தை போலச் சொல்லிக்கொண்டு போனாள்.

"செல்வராணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஊர்ல?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எங்க ஆத்தாவுக்கு?"

"அவங்கதான் மாட்டப் பாத்துக்கிட்டாங்க."

அடிப்பாவிகளா என்று இருந்தது. என்னைப் பெற்றவள், நான் போன் பண்ணும்போதெல்லாம் "சொர்ணம் கொல்லையில இருக்கா, கெணத்தடியில இருக்கா" என்று சொன்னவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்பார்களே, இங்கே ஒரு இந்தியாவையே மறைத்திருக்கிறார்கள்.

"நான் அங்க இரும்போட வெந்துக்கிட்டுக் கெடந்தேன். நீ இங்க ஊர் சுத்திக்கிட்டு இருந்தியா?"

"சுத்தல. சமச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "சமச்சு முடிச்சிட்டுப் பாக்கவும் செஞ்சேன்" என்றாள்.

"தாஜ்மகாலயுமா?"

"ம்."

"எத்தன தடவ?"

"எண்ணல."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காசியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், அரித்துவாரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இது ஒன்று நான் காட்ட வேண்டியது. அவளுக்குக் காட்ட வேண்டும் என்று இத்தனை காலம் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பொருள். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். அவள் கூப்பிடவில்லை.

எங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. குறுகலான சந்துகள். வழியெல்லாம் மிட்டாய்க் கடை. வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் பூசணிக்காய் மிட்டாய் அடுக்கி வைத்திருந்தார்கள். அதை நான் தின்றிருக்கிறேன். லீவில் வந்தபோது எங்கள் வீட்டு டப்பாவில் இருந்தது. திருச்சியில் வாங்கியது என்று சொன்னாள். நன்றாயிருக்கிறதே என்று சிங்கப்பூருக்கும் ஒரு பொட்டலம் கொண்டு போனேன். என் அறையில் இருந்த ஆக்ராக்காரன் அதைக் கண்டதும் துள்ளிக் குதித்து, எங்கள் ஊர் மிட்டாய் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டான். திருச்சியில் கிடைக்கும் என்று அவனோடு சண்டை போட்டேன். அந்தச் சந்தில் நின்று எனக்கு அழுகை வந்தது. கோபத்திலா வெட்கத்திலா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

திரும்பி வந்தபோது அவள் அதே பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப் போயிருந்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"ஒங்க வெரல் போனத நீங்க சொன்னீங்களா?"

எனக்கு இடது கையில் சுண்டுவிரலின் நுனி கிடையாது. பட்டறையில் தகடு விழுந்து நசுங்கியது. ஊருக்குச் சொல்லவில்லை. வீடியோவில் அந்தக் கையை மேலே தூக்காமலே பேசினேன். லீவில் வந்து இறங்கி, திருச்சி விமான நிலையத்தில் பெட்டி தள்ளிக்கொண்டு வரும்போதுதான் அவள் பார்த்தாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் பக்கத்தில் இப்படி மறைப்பது வழக்கம். வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீட்டுக் கவலை போகக்கூடாது, அவன் கவலை வீட்டுக்கு வரக்கூடாது. என் அப்பா படுத்த படுக்கையானதையே காரியம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதை நானும் சரி என்று ஏற்றுக்கொண்டவன்தான்.

"அது கஷ்டம். கஷ்டத்த மறைக்கலாம். இது சந்தோசம்தானே, இத எதுக்கு மறச்ச?"

அவள் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க" என்றாள்.

"என்ன பேசுற?"

"ஒவ்வொரு தடவ லீவு முடிஞ்சு போறப்பவும் இன்னும் ரெண்டே வருசம்பீங்க. வீடு கட்டணும்னீங்க, கட்டியாச்சு. புள்ளையப் படிக்க வைக்கணும்னீங்க, படிச்சிட்டா. அவ கல்யாணமும் முடிஞ்சது. அப்புறமும் இன்னும் ரெண்டு வருசம்னு போனீங்க. போன்ல சாப்ட்டியா, தூங்குனியான்னு ரெண்டு வார்த்த பேசுவீங்க. வீட்டப் பத்திச் சொன்னா ம் கொட்டுவீங்க. தாஜ்மகால்னு ஆரம்பிச்சாத்தான் ஒங்க கொரலே மாறும். கண்ண மூடிக்கிட்டு வான்னு சொல்றப்ப நீங்க சிரிக்கிறது எனக்குக் கேக்கும். அதையும் நான் பாத்துட்டேன்னு சொல்லிட்டா, நீங்க திரும்பி வர்றதுக்கு இங்க என்ன இருக்கு?"

நீ இருந்தியே என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை வருஷம் அவள் அங்கேதானே இருந்தாள், நான் வந்தேனா என்று எனக்கே தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். என்னை யாரும் அடித்ததில்லை, அன்றைக்கு அடி வாங்கியது போல இருந்தது.

மத்தியானம் விடுதிச் சமையல்காரன் வந்து அவளைக் கூப்பிட்டான். பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் ரசம் மணந்தது. இரண்டு பேருக்கும் இலை இல்லாமல் எவர்சில்வர் தட்டில் சோறு வந்தது. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவளிடம் நான் அதைச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் வெள்ளை மீசைக்காரன் வந்து நின்றான். என்னிடம் இந்தியும் இருந்தது, வழியும் கேட்டு வைத்திருந்தேன். எதையும் எடுக்கவில்லை. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் நகரும், தண்ணீர் பாட்டிலை விடுவார்கள், தின்பண்டத்தை விட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். படம் எடுக்கிறேன் என்று பின்னால் வந்தவனைப் பேர் சொல்லி விரட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

சிவப்புக்கல் வாசல் வந்தது. உள்ளே இருட்டு. ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் சட்டென்று நின்று என் இடது கையைப் பிடித்தாள், நுனி இல்லாத விரலோடு சேர்த்து.

"கண்ண மூடுங்க" என்றாள்.

"எனக்கெதுக்கு? நாந்தான் ஒனக்கு..."

"நான் பாத்ததுதானே. நீங்க பாக்கலல்ல. மூடுங்க. நான் சொல்றப்பதான் தொறக்கணும்."

மூடிக்கொண்டேன். அவள் நடத்திக்கொண்டு போனாள். காலடியில் கல் மாறியது, முகத்தில் குளிர் பட்டது. வெளிச்சம் இமைக்கு மேல் விழுந்தது. நின்றோம். சுற்றிலும் யார் யாரோ ஆவென்று சொல்வது கேட்டது.

"தொறக்கட்டுமா?"

"இருங்க. பனியா இருக்கு, ஒண்ணும் தெரியாது. இப்பத்தான் வெலகுது. முழுசாப் பாக்கணும்ல?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நான் இருந்தேன்ல. நீங்களும் இருங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே நின்றேன்.